நாலு மணிச் சத்தம்

கொட்டாஞ்சேனை
05.11.1995

அன்புள்ள ஐறீனுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். லெஸ்டரில் குளிர் தொடங்கிவிட்டது என்று உம்முடைய அண்ணன் சொன்னார். உமது முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்க மற்றவர்களின் கால்களைப் பார்ப்பவருக்குத் தன்னுடைய காலைப் பார்க்க நேரம் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

நத்தார் வாழ்த்தைத் தவிர நான் உமக்கு எழுதுவது குறைவு. இப்போது எழுதுவது பேதுருவுக்காக. வரும் ஆனியில் அவனுக்கு இரண்டு வயது. இருத்தினால் உட்கார்ந்திருப்பான். தவழ்வதில்லை. எதையும் பிடித்து எழும்புவதும் இல்லை. இரண்டு கால்களையும் தவளையைப் போல அகட்டி வைத்துக்கொண்டு சிரிப்பான். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகள் பிந்தித்தான் நடப்பார்கள் என்று புத்தகங்களில் வாசித்துவிட்டேன். வீட்டில் ஒரு தாய் என்ன செய்யவேண்டும் என்று அவற்றில் இல்லை. ஆஸ்பத்திரியில் கிளினிக் இருக்கிறது. ஆனால் ஒருகொடவத்தையில் எண்ணெய்த் தாங்கிகள் எரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பஸ்ஸை விட்டு இறக்குகிறார்கள். போய்ச் சேரும்போது கிளினிக்கைப் பூட்டியிருப்பார்கள். பக்கத்து வீட்டு மாக்ரெட் அக்கா கோயிலிலிருந்து மந்திரித்த எண்ணெய் கொண்டுவந்து தந்தா. பூசினேன். தோல் மிருதுவானது.

போன கிழமை ஆமிக்காரர் எங்கள் சந்து முழுவதையும் சுற்றிவளைத்தார்கள். எல்லோரையும் பாடசாலை மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். இந்த மாடிப்படி எவ்வளவு செங்குத்து என்று உமக்குத் தெரியும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, வெயில் சாயும்வரை தூக்கியபடியே நின்றேன். எனக்கு நாற்பத்தெட்டு வயது. அடுத்த வருடமும் தூக்குவேன். அதற்குப் பிறகு? துப்பாக்கி வைத்திருப்பவன் "நட" என்று சொல்லும்போது நடக்கத் தெரியாத பிள்ளையோடு நான் என்ன செய்வது? நீர் பிசியோதெரபிஸ்ட். உம்மிடம் கேட்கிறேன்.

தொலைபேசி கீழே வீட்டுக்காரர் ஒஸ்வால்டின் கூடத்தில் இருக்கிறது. அதில் கதைத்தால் சந்து முழுவதற்கும் கேட்கும். ஆகவே கடிதத்திலேயே எழுதும்.

அன்புடன்,
கொன்ஸ்ரன்ஸ்

தங்கச்சி, உன்ர மச்சாள் கேள்வி கேட்கிறா எண்டால் விடை தெரியாமல்தான் கேட்கிறா. கலியாணம் கட்டின நாளில இருந்து நான் இதைக் கண்டதில்லை. கெதியாப் பதில் போடு. – அண்ணன்


லெஸ்டர்
27.11.1995

அன்பு மச்சாளுக்கு,

மாதாவின் கிருபையால் சுகமாக இருக்கிறேன். நீங்கள் அவவை விட்டாலும் அவ உங்களை விடமாட்டா. முழங்கால் அப்படியேதான்.

பேதுருவின் எலும்பில் பிழை இல்லை. தசைகள் தளர்ந்தவை, மூட்டுகளைக் கட்டிவைக்கும் நாண்கள் இலகுவாக இழுபடும், அவ்வளவுதான். அந்தத் தசைகளுக்கு வேலை கொடுக்கவேண்டும். கஷ்டப்படுகிறானே என்று அவனுக்குப் பதிலாக நீங்கள் வேலை செய்யக்கூடாது.

அவனுடைய பழைய காற்சட்டை ஒன்றை எடுத்து, உள்பக்கமாகத் தொடையிலிருந்து முழங்கால்வரை இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிடுங்கள். பயிற்சி நேரத்தில் மட்டும் போட்டுவிட்டால் கால்கள் அகலாது, இடுப்பு தன் வேலையைச் செய்யத் தொடங்கும். கையைப் பிடித்து இழுத்து எழுப்பவேண்டாம். தோளும் கழுத்தும் பலமில்லாதவை. இடுப்பில் பிடியுங்கள். பிடியையும் நாளாக நாளாகக் குறையுங்கள். அவன் களைக்கும் முன்பே நிறுத்துங்கள். விளையாட்டு என்று அவன் நினைக்கவேண்டும்.

எல்லாம் வெறும் நிலத்தில், வெறுங்காலோடு. மெத்தையில் ஒருபோதும் வேண்டாம். மெத்தையில் கையை ஊன்றினால் கை அமிழ்ந்துபோகும், உந்துவதற்கு எதுவும் இராது. பலகைத் தளம் நல்லது.

அவன் ஏதாவதைப் பிடித்து எழும்பி நிற்கத் தொடங்கினால், அண்ணாவிடம் சொல்லி ஒரு பெட்டி செய்யுங்கள். அவனுடைய நெஞ்சளவு உயரம் போதும். சில்லு வேண்டாம். உள்ளே மணல் போட்டுப் பாரமாக்குங்கள். பாரமில்லாத பெட்டி அவனை விட்டு ஓடிவிடும், அவன் முகம் அடிபட விழுவான். பாரமான பெட்டி அவன் தள்ளினால்தான் நகரும். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் தள்ளவிடுங்கள். அவனுக்கு ஒழுங்கு பிடிக்கும். இப்படிப்பட்ட பிள்ளைகள் எல்லோருக்கும் பிடிக்கும்.

அவன் நடப்பான், மச்சாள். நான் பார்த்திருக்கிறேன்.

என்றும் உங்கள்,
ஐறீன்


கொட்டாஞ்சேனை
16.06.1996

அன்புள்ள ஐறீனுக்கு,

சுகம். பதில் எழுதப் பிந்தியதற்குக் குறை நினைக்கவேண்டாம். தை மாதம் கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்தபோது உம்முடைய அண்ணன் வேலை செய்யும் கந்தோரின் கண்ணாடிகள் எல்லாம் உடைந்தன. காயமில்லாமல், சட்டையெல்லாம் தூசியாக, நடந்தே வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு நல்ல செய்தி எழுதக் கை வரவில்லை. இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன்.

காற்சட்டையைத் தைத்துப் போட்டேன். "கடற்கன்னி" என்றார் இவர். முதலில் பேதுரு அழுதான். மாசி முடியுமுன் தவழ்ந்தான். காற்சட்டையால்தான் தவழ்ந்தான் என்று சொல்லமாட்டேன். ஒன்றுக்குப் பின் இன்னொன்று வந்தால் முதலாவதுதான் காரணம் என்று ஆகாது. ஆனாலும் இரண்டாவது காற்சட்டையும் தைத்துவிட்டேன்.

சித்திரையில் முக்காலியைப் பிடித்து எழும்பினான். உம்முடைய அண்ணன் மருதானையில் ஒரு பழைய தேயிலைப் பெட்டி வாங்கி, விளிம்புகளை அரத்தால் தேய்த்து, கம்பி வரும் இடங்களில் துணி சுற்றினார். மட்டக்குளியில் மணல் அள்ளி, சாக்கோடு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். பின்னேரம் நாலு மணிக்கு, அவர் கந்தோரால் வந்து சேட்டைக் கழற்றியதும் பேதுரு பெட்டியைத் தேடிப் போவான். நெஞ்சைச் சாய்த்துத் தள்ளுவான். பெட்டி பலகைத் தளத்தில் கர்ரென்று இழுபடும். சுவர்மட்டும் போனதும் திரும்பிப் பார்ப்பான். நாங்கள் பெட்டியைத் திருப்பிவிட்டால் மறுபடியும் தள்ளுவான். அந்த முகத்தை எழுத எனக்கு வராது. படம் எடுத்தால் அனுப்புகிறேன்.

ஒஸ்வால்ட் படியடியில் என்னை மறித்தார். "மிஸிஸ் இராஜநாயகம், மேல என்ன, மா இடிக்கிறீங்களா?"

"பிள்ளை பெட்டி தள்ளுறான்."

"நல்லது, நல்லது. ஆனா கொஞ்சம் மெதுவாத் தள்ளச் சொல்லுங்க. காலம் சரியில்ல. மேல எத்தன பேர் இருக்காங்கண்டு ஆக்கள் என்னட்டத்தான் கேக்கிறாங்க."

வயதான மனிதர், தனி ஆள். பயப்படுகிறார். பொலிஸில் பதிந்த பட்டியலில் நாங்கள் மூன்று பேர்தான் என்று அவருக்கும் தெரியும்.

அன்புடன்,
கொன்ஸ்ரன்ஸ்

தங்கச்சி, ஹாபரில மூட்டை தூக்கிற நாட்டாமைமார் ஒரு கூட்டமா நிண்டு செய்யிற வேலையை உன்ர மருமகன் தனியச் செய்யிறார். ஓவர்டைம் கேட்காத ஒரே தொழிலாளி. – அண்ணன்


கொட்டாஞ்சேனை
04.08.1996

ஐறீன்,

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடப்போவதில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தெஹிவளையில் ரயிலில் குண்டு வெடித்த வாரம் அது. வெள்ளிக்கிழமை, நாலு மணி தாண்டியிருக்கும். பெட்டியை நாங்கள் இரண்டாம் முறை திருப்பிவிடும்வரை பேதுரு காத்திருந்தான். கதவைத் தட்டினார்கள். உடைப்பது போலத் தட்டினார்கள். பொலிஸ் சார்ஜனும் வேறு சிலரும். பின்னால் படியில் ஒஸ்வால்ட், முகம் வெளுத்துப்போய். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் இந்த மாடியில் பாரமான பெட்டிகள் இழுபடுவதாகத் தகவல் வந்ததாம்.

"மேக்கே மொனவத?" பெட்டிக்குள் என்ன என்று சார்ஜன் கேட்டார்.

உம்முடைய அண்ணனின் சிங்களம் என்னுடையதைவிட நல்லது. மணல் என்றார். கவிழ்த்தார்கள். தளம் முழுக்க மணல். கையால் அளைந்து பார்த்தார்கள். அதற்குள் எதுவும் இல்லாததுதான் அவர்களுக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது. கொழும்பில், மாடி வீட்டில், ஒரு தமிழன் எதற்குப் பெட்டி நிறைய மணல் வைத்திருக்கிறான்? பிள்ளை தள்ளுவதற்கு என்றார். சார்ஜன் சிரித்தார். கெட்ட மனிதனின் சிரிப்பு என்று சொல்லமாட்டேன். பெட்டியை நிமிர்த்தி வைத்து, "சரி, தள்ளிக் காட்டச் சொல்" என்றார்.

பேதுரு மணலுக்கு நடுவில் இருந்தான். இவர் குந்தியிருந்து, "வாங்கோ ராசா, தள்ளுங்கோ. அப்பாவுக்கு ஒருக்காத் தள்ளிக் காட்டுங்கோ" என்று கூப்பிட்டார். பிள்ளை சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் இடுப்பில் பிடித்து நிறுத்தினேன். நீர் சொன்ன மாதிரித்தான் பிடித்தேன். கால்கள் நூல் போல மடிந்தன. காற்சட்டையோடேயே சலம் போய்விட்டான். ஒரே ஒரு தள்ளு தள்ளியிருந்தால் போதும், ஐறீன்.

"நடக்கமாட்டாத பிள்ளை பெட்டி தள்ளுதாம்" என்று ஒருவன் சொன்னான். இவரைக் கூட்டிப்போனார்கள். கழற்றிய சேட்டைப் போட விட்டார்கள். பொத்தான் பூட்ட விடவில்லை.

பொலிஸ் நிலையத்தில் முதலில் இருக்கிறார் என்றார்கள், பிறகு இல்லை என்றார்கள். வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். எங்கே என்று சொல்லவில்லை. சட்டத்தரணி பார்க்கிறார்.

கடிதங்களைத் திறந்து பார்க்கிறார்கள். இதை அனுப்பாததற்கு அது ஒரு காரணம். மற்றக் காரணம், பெட்டி உம்முடைய யோசனை. அவர் உம்முடைய ஒரே அண்ணன்.

மணலைக் கூட்டி அள்ளி வாளி வாளியாகக் கீழே கொண்டுபோய்க் கொட்டினேன். பெட்டியை மாக்ரெட் அக்கா எடுத்துப்போனா. இன்று கட்டில் மெத்தையை இழுத்துத் தளத்தில் விரித்துவிட்டேன். அதில் பிள்ளை விழுந்தாலும் உருண்டாலும் கீழே கேட்காது.


கொட்டாஞ்சேனை
18.08.1996

அன்புள்ள ஐறீனுக்கு,

நாங்கள் சுகம். உமது முழங்காலுக்கு அங்கே வைத்தியம் பார்க்கிறீரா?

பேதுரு நன்றாக இருக்கிறான். நீர் எழுதியபடியே செய்கிறோம். உம்முடைய அண்ணனுக்குக் கந்தோரில் வேலை கூட. அதனால் இம்முறை அவர் எழுதவில்லை.

இங்கே மழை இல்லை.

அன்புடன்,
கொன்ஸ்ரன்ஸ்


லெஸ்டர்
09.09.1996

அன்பு மச்சாளுக்கு,

நான் சுகம். உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மழை இல்லை என்று நீங்கள் எனக்கு எழுதுகிற ஆள் இல்லையே.

அண்ணாவுக்கு எவ்வளவு வேலை இருந்தாலும் அடியில் ஒரு பகிடி கிறுக்காமல் விடமாட்டார். மேற்பார்வையாளரோடு சண்டையா? சுகமில்லையா? அவரை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கெட்ட வார்த்தையாக இருந்தாலும் பரவாயில்லை.

பேதுரு பெட்டியைச் சுவர்மட்டும் தள்ளுகிறான் என்றால் அடுத்த படிக்கு வந்துவிட்டான். பெட்டிக்கும் முக்காலிக்கும் நடுவில் சின்ன இடைவெளி விட்டு, ஒன்றை விட்டு மற்றதைப் பிடிக்கப் பழக்குங்கள். இடைவெளியை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். ஒரு படம் அனுப்புங்கள். முழு உருவமும், பாதமும் தெரியவேண்டும். பாதத்தைப் பார்த்தால் எனக்குப் பாதி விளங்கும்.

உங்கள்,
ஐறீன்


கொட்டாஞ்சேனை
13.10.1996

அன்புள்ள ஐறீனுக்கு,

சுகம். நீர் கேட்ட படம் இத்துடன் வருகிறது. மாக்ரெட் அக்காவின் மகள் எடுத்தாள்.

இடைவெளிப் பயிற்சியை இன்னும் தொடங்கவில்லை. பிள்ளைக்குக் கொஞ்சம் சளி. இப்போது உட்கார்ந்து இருக்கத்தான் விருப்பம். நன்றாக இருக்கிறான், முதுகு நேராக, நெடுநேரம். ஒரு புதுப் பழக்கமும் வந்திருக்கிறது. யாராவது கதவைத் தட்டினால் அப்படியே அசையாமல் இருந்து, வாயில் விரலை வைத்துக்கொள்வான். தவழ்ந்துகொண்டிருந்தாலும் உடனே இருந்துவிடுவான். நான் சொல்லிக்கொடுத்தது. இவ்வளவு விரைவாக அவன் வேறு எதையும் பழகியதில்லை. விளங்கிக்கொள்ளமாட்டான் என்று சொன்ன டாக்டருக்கு இதைக் காட்டவேண்டும்.

உம்முடைய அண்ணன் உம்மை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
கொன்ஸ்ரன்ஸ்


லெஸ்டர்
04.11.1996

மச்சாள்,

சுகம் விசாரிக்கப் பொறுமை இல்லை.

படத்தில் பிள்ளை மெத்தையில் நிற்கிறான். நீங்கள் பின்னால் நின்று அக்குளில் பிடித்திருக்கிறீர்கள். பாதம் கணுக்கால்வரை பஞ்சுக்குள் அமிழ்ந்திருக்கிறது. முழங்கால்கள் பின்னோக்கி வளைந்திருக்கின்றன. கடல்மேல் நடந்த பேதுருவும் பயந்தவுடன்தான் அமிழ்ந்தார் என்று ஞானோபதேச வகுப்பில் படித்தோம். இந்தப் பேதுருவை யார் பயப்படுத்தினது? மெத்தை வேண்டாம் என்று நான் எழுதியதை மறக்கிற ஆள் நீங்கள் இல்லை. நீங்கள் எதையும் மறப்பதில்லை. பெட்டி எங்கே? படத்தில் அது இல்லை. கதவடியில் அண்ணாவின் சப்பாத்தும் இல்லை.

நேற்று ஒஸ்வால்ட் வீட்டுக்குப் போன் எடுத்தேன். "எல்லாரும் சுகம், எல்லாரும் சுகம்" என்றார் அந்த மனிதர். அண்ணாவோடு கதைக்கவேண்டும் என்றேன். "லைன் சரியில்ல" என்று வைத்துவிட்டார். லைன் நன்றாகத்தான் இருந்தது. அவர் மூச்சுவிடுவதுகூடக் கேட்டது.

இரண்டு வயதுப் பிள்ளை கதவுச் சத்தத்துக்கு வாயில் விரல் வைப்பதைக் கெட்டித்தனம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. வேறு எதுவும் கேட்கவில்லை. அண்ணா உயிரோடு இருக்கிறாரா?

ஐறீன்


கொட்டாஞ்சேனை
08.12.1996

அன்புள்ள ஐறீனுக்கு,

அவர் உயிரோடு இருக்கிறார். அடுத்த அறையில் இருக்கிறார். இதை முதல் வரியிலேயே எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனையை எடுத்தேன்.

ஆவணியில் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தை இதனுடன் வைக்கிறேன். அதை முதலில் வாசியும். மறைத்தது நான் தீர்மானித்துச் செய்தது. நீர் கோபிப்பது நியாயம். இனித் திறந்து பார்ப்பவர்கள் பார்க்கட்டும். அவர்களுக்குத் தெரியாதது இதில் எதுவும் இல்லை.

போன வியாழக்கிழமை விட்டார்கள். ஏன் பிடித்தார்கள் என்று சொல்லாதது போலவே ஏன் விட்டார்கள் என்றும் சொல்லவில்லை. விசாரணை முடிந்ததாம். மாக்ரெட் அக்கா தன்னுடைய நவநாள் செபம் பலித்தது என்கிறா. சட்டத்தரணி தன்னுடைய மனு என்கிறார்.

அவர் வருவது எனக்குத் தெரியாது. மத்தியானம், சோறு குழைத்து ஊட்டிக்கொண்டிருந்தேன். கதவு தட்டுப்பட்டது. மெதுவாகத்தான். பேதுரு வாயிலிருந்த சோற்றை விழுங்காமல், முதுகை நிமிர்த்தி, விரலை உதட்டில் வைத்தான். நானும் அசையவில்லை. மறுபடி தட்டினார். "கொன்ஸி, நான்" என்ற குரல் கேட்டுத்தான் திறந்தேன்.

பாதி ஆளாக இருந்தார். என்னைப் பார்க்கவில்லை. நிலத்தில் குந்தி இரண்டு கையையும் பிள்ளையை நோக்கி நீட்டினார். பேதுருவுக்குத் தகப்பனை அடையாளம் தெரிந்தது. கண் தெரிந்துகொண்டதை நான் பார்த்தேன். ஆனால் அசையவில்லை. விரலை எடுக்கவில்லை. கதவு தட்டினால் அசையக்கூடாது. அதுதான் அவன் படித்த பாடம். சோறு கடைவாயால் வழிந்தது.

நீட்டிய கையை நெடுநேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, "இதை ஆர் பழக்கினது?" என்று கேட்டார்.

"நான்" என்றேன்.

அவர் எழும்பி, மெத்தையின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் போட்டார். பிறகு பிள்ளைக்குப் பக்கத்தில் வெறும் பலகையில் படுத்துவிட்டார். அங்கேயே நித்திரையாகிவிட்டார்.

யார் தகவல் கொடுத்தது என்று நீர் கேட்பீர். நான் ஒஸ்வால்டைத்தான் நினைத்தேன். அந்தச் சந்தேகத்தை இன்னும் முழுதாக விட்டுவிடவில்லை. பஸ்ஸில் மணல் சாக்கைப் பார்த்த யாராகவும் இருக்கலாம் என்கிறார் உம்முடைய அண்ணன். சான்று இல்லை. சான்று இல்லாமல் ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம்.

பேதுரு இப்போது தவழ்வான், அவ்வளவுதான். முக்காலியைப் பிடித்து எழும்ப மறந்துவிட்டான். மெத்தையால்தான் என்று எனக்குத் தெரியும். இந்த ஒன்றுக்கு எனக்குச் சான்று தேவையில்லை. என்ன செய்யவேண்டும் என்று எழுதும்.

அன்புடன்,
கொன்ஸ்ரன்ஸ்


லெஸ்டர்
02.01.1997

அன்பு மச்சாளுக்கு,

இரண்டு கடிதங்களையும் வாசித்தேன். புதுவருடத்துக்குக் கோயிலுக்குப் போனேன், ஆனால் உள்ளே போகவில்லை.

நான் இங்கே சூடாக்கிய அறையில் இருந்துகொண்டு பெட்டியில் மணல் போடுங்கள் என்று எழுதினேன். மணல் உங்கள் ஊரில் என்னவாகும் என்று யோசிக்கவில்லை. சத்தத்தைப் பற்றியும் யோசிக்கவில்லை. இந்த ஊரில் பிள்ளைகள் சத்தம் போட்டால் பக்கத்து வீட்டுக்காரி சுவரில் தட்டுவாள், அவ்வளவுதான்.

என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறீர்கள். எனக்கு எழுதக் கை வரவில்லை. அண்ணாவைக் கவனியுங்கள். பிள்ளை நடக்காவிட்டாலும் பரவாயில்லை.

உங்கள்,
ஐறீன்


கொட்டாஞ்சேனை
09.03.1997

அன்புள்ள ஐறீனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். இம்முறை அதை யோசித்தே எழுதுகிறேன். உம்முடைய அண்ணனுக்குத் தடுப்பில் பிடித்த இருமல் குறைந்திருக்கிறது. பழைய கந்தோரில் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரு கப்பல் முகவரிடம் அரைநாள் வேலை. சத்தம் கேட்டால் இன்னும் திடுக்கிடுகிறார். நானும்தான்.

"பிள்ளை நடக்காவிட்டாலும் பரவாயில்லை" என்று எழுதியிருந்தீர். உம்மிடமிருந்து வந்த கடிதங்களில் எனக்கு விளங்காதது அது ஒன்றுதான். பரவாயில்லை என்று சொல்ல எங்களுக்கு வசதி இல்லை. மைதானத்துக்கு மறுபடியும் ஒருநாள் கூப்பிடுவார்கள். நீர் சொல்லாவிட்டால் பழைய கடிதத்தில் சொன்னதைச் செய்வது என்று தீர்மானித்தேன். மாக்ரெட் அக்காவிடம் போய்ப் பெட்டியைத் திருப்பி வாங்கினேன். அதற்குள் கோழி அடைத்திருந்தா. மணலுக்குப் பதிலாகப் பழைய புத்தகங்களை அடுக்கிப் பாரமாக்கினேன்.

வெறும் பலகையில் விட்டதில் பேதுருவும் மறுபடி முக்காலியைப் பிடித்து எழும்பத் தொடங்கியிருந்தான். ஆனால் பெட்டியை அறைக்குள் வைத்தும் தள்ளவிடப் பயமாக இருந்தது. நாலு மணி வரும், போகும், நான் அடுப்படியில் ஏதாவது வேலை தேடுவேன். கடைசியில் ஒருநாள் நல்ல சேலை உடுத்திக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். வீட்டில் இருப்பவர்களைப் பதியும் மேசையில் றவூப் என்று ஒரு கொன்ஸ்ரபிள், தமிழ் பேசுபவர். வீட்டில் புதிதாக யாரும் வந்திருக்கிறார்களா என்று கேட்டார்.

"ஆளில்லை. ஒரு சத்தம்" என்றேன். பின்னேரம் நாலு மணிக்குப் பிள்ளை மாடியில் பெட்டி தள்ளுவான், அதைப் பதியவேண்டும் என்றேன்.

அவர் பேனையைக் கீழே வைத்தார். "என்ன மிஸ், சத்தத்தையும் பதியிறதா? ஆளுகளப் பதிஞ்சே புத்தகம் முடிஞ்சி போச்சு."

"போன வருஷம் பதியாததால என்ர மனுசனைக் கூட்டிக்கொண்டு போனவை."

அவர் பேனையை மறுபடி எடுத்தார். "பிள்ளைக்கு என்ன வயசு?" என்று கேட்டார். சொன்னேன். "இன்னும் நடக்கல்லியா?" "இல்லை." பிறகு எங்கள் பெயர்களுக்குக் கீழே எழுதினார். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். எந்தச் சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அது எங்களைக் காப்பாற்றும் என்றும் நான் நம்பவில்லை. ஆனால் அன்றைக்குப் பெட்டி இழுபட்டபோது நான் அடுப்படிக்கு ஓடவில்லை.

ஒஸ்வால்டுக்கும் போய்ச் சொன்னேன். "பதிஞ்சிட்டீங்களா? பொலிஸ்லயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு, "அப்ப சரி. பதிஞ்ச சத்தந்தானே" என்றார். மறுநாளிலிருந்து நாலு மணிக்கு அவர் கூடத்துக் கதிரையை எங்கள் அறைக்கு நேர் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டு பேப்பர் பார்ப்பார். காவல் இருக்கிறாரா கேட்கிறாரா என்று தெரியவில்லை.

நான் சொல்ல வந்தது போன செவ்வாய்க்கிழமை நடந்ததை. நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பெட்டி சுவருக்குப் போவது கேட்டது, திரும்பி வருவது கேட்டது, பிறகு நடு அறையில் நின்றுவிட்டது. சத்தம் நின்றால் அவன் விழுந்திருக்கவேண்டும். விழுந்தால் அழவேண்டும். அழுகையும் இல்லை. அப்படியானால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று என் உடம்பு முடிவுகட்டிவிட்டது. துருவலையை விட்டு எழும்ப முடியவில்லை. ஒரு விரல் என் உதட்டில் இருந்ததைப் பிறகுதான் கண்டேன்.

படியில் செருப்புச் சத்தம். ஒஸ்வால்ட், மூச்சு வாங்க, அடுப்படி வாசலில். "மிஸிஸ் இராஜநாயகம், என்ன, பெட்டி நிண்டிட்டு?" அவருடைய முகமும் அந்த வெள்ளிக்கிழமை முகம்தான். இருவருமாக அறை வாசலுக்குப் போனோம்.

பெட்டி நடு அறையில் தனியாக நின்றது. பேதுரு அதை விட்டு வந்துவிட்டான். இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு, வயிற்றை முன்னே தள்ளிக்கொண்டு, பலகைத் தளத்தில் வந்துகொண்டிருந்தான். மறு பக்கத்தில் உம்முடைய அண்ணன் நிலத்தில் குந்தியிருந்து, அன்றைக்கு நீட்டியது போலவே கையை நீட்டிக்கொண்டிருந்தார். கூப்பிடவில்லை. எத்தனை அடி என்று நீர் கேட்பீர். நான் எண்ணவில்லை. போய்ச் சேர்ந்தான்.

ஒஸ்வால்ட் மெல்லிய குரலில், "சத்தமே கேக்கல்லியே" என்றார். பிறகு படியில் இருந்துகொண்டு கண்ணைத் துடைத்தார். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். இத்தனை மாதத்தில் முதல் தரம்.

அது உண்மை, ஐறீன். வெறுங்கால் பிள்ளை நடப்பதற்குச் சத்தமே இல்லை. பெட்டி இருந்தவரை அவன் எங்கே இருக்கிறான் என்று அடுப்படியிலிருந்தே எனக்குத் தெரியும். இன்று காலை அவனைத் தேடினேன். படித்தலையில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தான். நடக்கத் தெரியாத பிள்ளையோடு என்ன செய்வது என்று உம்மிடம் கேட்டேன். நடக்கத் தெரிந்த பிள்ளையை இந்த ஊரில் எப்படி வைத்திருப்பது என்பதை யாரிடமும் கேட்க முடியாது என்று நினைக்கிறேன்.

முழங்காலைக் கவனியும்.

அன்புடன்,
கொன்ஸ்ரன்ஸ்

தங்கச்சி, படித்தலையில ஒரு சின்னக் கதவு போடப்போறன். மரம் பாத்திட்டன். ஆணி அடிக்கிற சத்தத்தையும் பதியவெண்டு உன்ர மச்சாள் இப்ப நல்ல சேலை தேடுறா. – அண்ணன்